தாடை எலும்பில் ஒரு சுழி

ஜனவரி 11

ஆய்வாளர் அவர்களுக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பின், உங்களை இனி 'மாப்பிள்ளை' என்று அழைப்பதில்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். முடிவு இன்று காலை முதல் நடைமுறைக்கு வருகிறது. உங்கள் அக்காவுக்கு அடுப்படியில் வைத்து முறைப்படி அறிவித்தேன். "சரி, அந்த மூடிய எடுத்துக் குடுங்க" என்றார். இதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தொலைபேசியில் நாம் பேசிக்கொள்வதையும் அவர் தடை செய்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் கத்துறதுக்கு எதிர் வீட்டுல டிவிய நிறுத்திட்டுக் கேக்குறாங்க. இனிமே எதுவா இருந்தாலும் எழுதிக்குங்க. எழுதும்போதாவது மூளை கொஞ்சம் குறுக்க வரும்." ஆகவே இந்தக் கடிதம்.

காரணம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். நான் தோண்டிய தானியக் குழியின் அடியில் கிடைத்த பூனைத் தாடையை உங்கள் மரபணுக் கூடத்துக்கு அனுப்பினேன். ஒரு பல்லைத் துளைத்துப் பார்த்துவிட்டு தாடையைத் திருப்பி அனுப்பினீர்கள். நல்லது. பிறகு தொலைபேசியில், "அத்தான், அந்தக் குழியில எலி வளை ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டீர்கள்.

அதாவது, அது ஐயாயிரம் ஆண்டுப் பழைய பூனை இல்லை, பிற்காலத்தில் எலியைத் துரத்திக்கொண்டு வளைக்குள் புகுந்து செத்த ஏதோ ஓர் அண்மைக்காலப் பூனை என்று சந்தேகிக்கிறீர்கள். அகழ்வாளனிடம் இப்படிக் கேட்பது, சமையல்காரரைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்தி 'கையைக் கழுவினீரா?' என்று கேட்பதற்குச் சமம். குழியின் மேல் களிமண் தளம் இருந்தது. விரிசல் இல்லை. தானியம் இருந்தது, அதனால் எலி இருந்தது, அதனால் பூனை வந்தது. எலி இருந்தால் வளை இல்லாமலா என்று கேட்காதீர்கள்.

எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. பழைய எலும்பில் மரபுப்பொருள் நைந்து, துண்டு துண்டாகத்தான் கிடைக்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். இந்தத் தாடையில் கிடைத்த துண்டு 'நல்ல நிலையில்' இருந்தது என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். ஐயாயிரம் வயதானவர் இவ்வளவு ஆரோக்கியமாக இருக்கலாமா? உங்கள் கூடத்தில் வைத்து இக்காலத்துப் பூனை ஏதாவது அதில் ஒட்டிக்கொண்டதோ?

தான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் அளவாக இருக்கிறதா என்று உங்கள் அக்கா கேட்கிறார். அவரே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம், அவருக்குத் தடை இல்லை. கடிதம்தான் போகிறதே, தாளில் இடம் வீணாகக் கூடாது என்கிறார்.

இப்படிக்கு,
எலும்புக் கிடங்குக் காப்பாளர்


ஜனவரி 19

அன்புள்ள அத்தான்,

(நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. நீங்கள் எனக்கு அத்தான்தான்.)

கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று பாருங்கள்.

வீட்டுப் பூனைக்கு மூத்தது காட்டுப் பூனை. அதன் உடம்பில் மெல்லிய வரிகள். மனிதனின் தானியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது, வந்தது தங்கிவிட்டது. ஆனால் சட்டையை மாற்றவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதே வரிதான். பிறகு எங்கோ ஒரு பூனைக்கு ஒரே ஒரு மரபணுவில் ஒரு பிழை. வரிகள் உடைந்து, ஒன்று சேர்ந்து, விலாவில் பெரிய வட்டமாகச் சுழன்றன. தெருவில் நாம் பார்க்கும் சுழிப் பூனைகளுக்கெல்லாம் அந்தப் பிழைதான் ஆதாரம். இதுவரை கிடைத்த எலும்புகளில் சுழி தலைகாட்டுவது இடைக்காலத்தில்தான், அதாவது ஓர் எழுநூறு ஆண்டுக்கு முன். அதற்கு முன் ஒன்றுகூட இல்லை.

உங்கள் தாடையில் சுழிக்கான மரபணு இருக்கிறது.

அது உண்மையென்றால் சுழி பல ஆயிரம் ஆண்டுகள் முன்னால் போகிறது. கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. அச்சுப் படி மார்ச் கடைசியில் வரும், நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கள் தலைவர் இந்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். கட்டுரை கேள்விகளைத் தாங்கி நிலைத்தால் கூடம் என் பொறுப்பில் வரும். அச்சான பிறகு விழுந்தால் ஆயுசுக்கும் நான் 'சுழிக்காரன்'. அப்படிப்பட்டவன் எலி வளையைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைப் பற்றிக் கேட்பான்?

எங்கள் பக்கத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இங்கே பழைய பூனை எலும்பைத் தொடுகிற யாரும் பூனை வளர்க்கக் கூடாது. பூனை வளர்க்கும் வீட்டில் ஒரு இரவு தங்கக் கூடாது. எலும்பு அறைக்குள் போகுமுன் ஒட்டும் உருளையால் உடம்பெல்லாம் உருட்டி எடுப்பார்கள். கவசம், முகமூடி, இரண்டு ஜோடிக் கையுறை. வாசலில் இருக்கும் தொழில்நுட்ப உதவியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் காவல்காரி. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பூனையைத் தடவியதாகச் சொன்ன ஓர் ஆய்வு மாணவியை, "சார், இவங்க இன்னைக்கு உள்ள வர வேணாம், நாளைக்கும் வேணாம்" என்று அவர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

அதே தாடையில் இரண்டாவது பல் ஒன்று தாருங்கள். வேறொரு கூடத்தில் கொடுத்துத் துளைக்கிறேன். எல்லாம் தெளிவாகிவிடும்.

ஒரே ஒரு கேள்வி, கோபிக்காதீர்கள். உங்களிடம் பூனை உண்டா?

ஸ்வெட்டர் கச்சிதம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். எலும்பு அறை ஐஸ் பெட்டி மாதிரி. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து கவசத்துக்குள் அதுதான் என்னைக் காப்பாற்றுகிறது.

அன்புடன்,
உங்கள் மச்சினன்


ஜனவரி 30

ஆய்வாளர் அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில்: எலும்புக் கிடங்கில் பூனை கிடையாது. இருந்ததில்லை. இருக்கவும் போவதில்லை.

இரண்டாவது பல் பற்றி. எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு மாதிரிக்கு ஒரு பல் என்பது விதி. அதற்கு மேல் வேண்டுமானால் எலும்புக் கிடங்குக் காப்பாளர் கையெழுத்திட வேண்டும். காப்பாளர் தற்சமயம் மனவருத்தத்தில் இருக்கிறார். எப்போது தெளிவார் என்று சொல்வதற்கில்லை.

தாடையின் ஒரு துணுக்கை வயது பார்க்கும் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். எலி வளையா, என் சொல்லா என்பதைக் கரிமம் தீர்மானிக்கட்டும்.

உங்கள் காவல்காரியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல பெண்மணி. வாசலில் காவல் இருப்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு அனுபவம் உண்டு. அவர்கள் தெரியாதவர்களைத்தான் சோதிப்பார்கள். தினமும் வருபவருக்குத் தலையை ஆட்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
காப்பாளர்


பிப்ரவரி 8

அன்புள்ள அத்தான்,

நான் உங்களிடம் பூனை உண்டா என்று கேட்டேன். நீங்கள் கிடங்கில் இல்லை என்கிறீர்கள். கடலில் பூனை இல்லை, நிலவில் பூனை இல்லை என்றும் சேர்த்து எழுதியிருக்கலாம். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போன ஞாயிறு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு சத்தம். நான் இருபது ஆண்டாகப் பூனையோடு வேலை செய்பவன். செத்த பூனைதான் என்றாலும் உயிருள்ளதன் சத்தம் மறந்துவிடவில்லை.

"என்னக்கா அது?"

"எது?"

"மியாவ்னு கேட்டுச்சே."

"உங்க அத்தான் கொட்டாவி விடுறாரு."

"அத்தான் இப்ப ஆபீஸ்லல்ல இருப்பாரு? காலைல பதினோரு மணி."

"ஞாயித்துக்கிழமைல என்னடா ஆபீஸ்? போன வைடா, அடுப்புல ஏதோ தீயுது."

ஞாயிறு என்பதை நான் மறந்தது உண்மை. ஆனால் உங்கள் கொட்டாவி எனக்குத் தெரியும். அது இரண்டு பாகமாக வரும்.

சந்தேகப்படுவதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை. நேராகச் சொல்லுங்கள்.

மச்சினன்


பிப்ரவரி 17

ஆய்வாளர் அவர்களுக்கு,

முதலில் முக்கியமான செய்தி. கரிமக் காலக் கணிப்பு வந்துவிட்டது. தாடைக்கு வயது ஐயாயிரம் ஆண்டு, கொஞ்சம் முன்னே பின்னே. எலி வளை குறித்த கேள்வியை எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, அவ்வளவு முக்கியமில்லாத செய்தி. எங்கள் வீட்டுக்கு ஒருத்தி வந்து போகிறாள். போன மழைக்காலத்தில் வந்தாள், போவதைத்தான் இன்னும் தொடங்கவில்லை. உங்கள் அக்கா அவளுக்கு ஆடிட்டர் என்று பெயர் வைத்திருக்கிறார். எல்லா அலமாரியையும் திறந்து பார்ப்பாள், எதிலும் திருப்தி இல்லாத முகம், சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவாள்.

உங்கள் கூடத்தில் இருக்கும் அதே விதி இங்கும் உண்டு. எலும்புக் கிடங்கின் சாவி வைத்திருப்பவர் பூனை வளர்க்கக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இயக்குநருக்குத் தெரிந்தால் சாவி போய்விடும். இதை நான் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பொய் சொன்னால் கொட்டாவியையும் மாற்றிக்கொள்ள வேண்டும், இந்த வயதில் முடியாது.

ஆனால் கேளுங்கள். அவள் கிடங்கு இருக்கும் தெருவைக்கூடப் பார்த்ததில்லை. நான் அங்கே போனதும் உடை மாற்றிவிடுவேன். தாடை கண்டெடுத்த அன்றே மூடி முத்திரையிடப்பட்டது. அப்போது ஆடிட்டர் பிறக்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அவள் வரிப் பூனை. தலையிலிருந்து வால் வரை வரி. கோடு போட்ட நோட்டுப் புத்தகம்போல் வரி. சுழி மருந்துக்கும் இல்லை. உங்கள் சுழிக்கும் எங்கள் ஆடிட்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

காப்பாளர்


பிப்ரவரி 25

அன்புள்ள அத்தான்,

எலி வளை குறித்த கேள்வியை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். மனப்பூர்வமாக.

எலும்பு பழையது. ஆனால் எலும்பு பழையது என்பதால் அதில் ஒட்டியிருப்பதும் பழையது என்று ஆகிவிடாது. இதை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நேற்று நம் சண்டையை மறந்துவிட்டு, தாடை பழையது என்று கூடத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். காவல்காரி மட்டும் குடிக்கவில்லை. "ரெண்டாவது பல்லு வரட்டும் சார், அப்ப குடிக்கிறேன்" என்றார்.

ஆடிட்டர் வரிப் பூனை என்பதால் அவளை விட்டுவிட முடியாது. எந்த மரபணுவும் இரண்டு பிரதியாக வரும், தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. வரிக்கு ஒரு பிரதி போதும், தோலில் வரி வந்துவிடும். சுழிக்கு இரண்டும் வேண்டும். ஒரு வரியும் ஒரு சுழியும் உள்ள பூனை பார்க்க வரியாகவே இருக்கும். சுழி உள்ளே பதுங்கியிருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது.

உங்கள் தாடையைச் சோதித்த என் முடிவில் வந்ததும் அதுதான். ஒரு வரி, ஒரு சுழி.

அதனால் ஆடிட்டரின் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்புங்கள். குச்சிகள் இதனுடன் இருக்கின்றன. பெயர் எழுத வேண்டாம். சாவிக்கு ஆபத்து வராது.

மச்சினன்


மார்ச் 6

ஆய்வாளர் அவர்களுக்கு,

குச்சிகளைத் திருப்பி அனுப்புகிறேன். ஒன்று குறைகிறது, அதை ஆடிட்டர் தின்றுவிட்டாள். என் இடது கையில் மூன்று கோடு. வரிதான், சுழி இல்லை.

உங்கள் அக்கா நடுவில் புகுந்தார். "வாயும் வயிறுமா இருக்குறவ வாயில குச்சிய விடுறீங்களே, ரெண்டு பேரும் படிச்சவங்கதானா?"

எனக்கு அதுவரை தெரியாது. ஆடிட்டர் கர்ப்பமாக இருக்கிறாள். தகப்பன் யார் என்று கேட்டேன். "சலவைக் கடைல ஒண்ணு உருண்டுக்கிட்டு இருக்குமே, முதலாளின்னு கூப்பிடுவாங்களே, அதான். இந்தத் தெருவுல வேற யாருக்கு அந்தத் தைரியம்?" போய்ப் பார்த்தேன். இஸ்திரி மேசைக்கு அடியில் படுத்திருந்தான். இரண்டு விலாவிலும் தட்டு அளவுக்குச் சுழி.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வேண்டியது வேறாகிவிட்டது.

நாற்காலிக்குப் பக்கத்தில் உங்கள் அக்காவின் நூல் கூடை. உங்கள் ஸ்வெட்டருக்கு வாங்கிய சாம்பல் நூல் மிச்சம் இருக்கிறது. ஆடிட்டர் அதற்குள் சுருண்டு கிடந்தாள். சும்மா கேட்பது போல, "இது எப்பருந்து இதுல படுக்குது?" என்றேன்.

"நூலு வாங்கிட்டு வந்த அன்னைலருந்து. நான் பின்னுறப்பகூட என் மடில அவ, அவ மேல ஸ்வெட்டர். நல்லா கதகதன்னு இருக்கும்."

உங்கள் அக்கா என் முகத்தைப் பார்த்து, "என்ன, கை எரியுதா?" என்றார். ஆமாம் என்றேன்.

அந்தப் பல்லைத் துளைத்த அன்று நீங்கள் கவசத்துக்குள் என்ன போட்டிருந்தீர்கள்? ஒட்டும் உருளை, முகமூடி, இரண்டு ஜோடிக் கையுறை எல்லாம் எழுதியிருந்தீர்கள். ஸ்வெட்டருக்கு என்ன விதி?

காப்பாளர்


மார்ச் 14

அத்தான்,

ஸ்வெட்டருக்கு விதி இல்லை.

உருளையைக் கவசத்தின் மேல்தான் உருட்டுவார்கள். கவசத்துக்கு உள்ளே இருப்பதை யாரும் கேட்டதில்லை. கையை நீட்டினால் கவசத்தின் கை மணிக்கட்டிலிருந்து கொஞ்சம் மேலே ஏறும். கையுறைக்கும் அதற்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு விரல் அகலம் தெரியும். அந்தக் கையால்தான் துளைத்தேன்.

இரண்டு இரவு தூங்கவில்லை. பிறகு ஒரு சந்தேகம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் கட்டுரை நிலைத்தால், தாடை வந்த வழியைத் துருவி உங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி நாலு பேர் கேட்பார்கள். விழுந்தால், பழி என் மணிக்கட்டுக்கு. தாடை பத்தினி. இது உங்களுக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. அக்கா உண்மையிலேயே அப்படிச் சொன்னாளா? சலவைக் கடைப் பூனை உண்மையிலேயே சுழியா, இல்லை உங்கள் கண்ணுக்குச் சுழியா?

ஸ்வெட்டரிலிருந்து ஒரு முடியை எடுத்துச் சோதித்தால் முடிந்துவிடும் என்பீர்கள். சோதிக்கும் எதற்கும் இங்கே மாதிரியின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 'அக்கா பின்னிய ஸ்வெட்டர், இடது கை' என்று எழுதச் சொல்கிறீர்களா? காவல்காரி அதைச் சத்தமாகப் படிப்பார். நான் சோதித்தால் பதிவேறும். ஆடிட்டர் பிரசவித்தால் ஏறாது.

ஆகவே காத்திருப்போம். ஆடிட்டரிடம் சுழி பதுங்கியிருக்கவில்லை என்றால் தகப்பன் யாராக இருந்தாலும் குட்டிகள் அத்தனையும் வரி. ஒரே ஒரு குட்டி சுழியாக வந்தாலும், ஒரு பிரதி அவளிடமிருந்து வந்ததாகத்தான் அர்த்தம். அதற்குப் பிறகு என்னால் அந்த அச்சுப் படியில் கையெழுத்துப் போட முடியாது. எல்லாம் வரியாகப் பிறந்தால் அதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன்.

அச்சுப் படி நேற்றே வந்துவிட்டது. மேசையில் இருக்கிறது. தாடையின் படம் அழகாக விழுந்திருக்கிறது.

மச்சினன்


மார்ச் 27

ஆய்வாளர் அவர்களுக்கு,

ஆடிட்டர் நேற்று அலமாரியின் கீழ்த் தட்டில், என் சட்டைகளின் மேல் பிரசவித்தாள். குட்டிகள் நான்கு. இரண்டு வரி. இரண்டு சுழி.

புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

காப்பாளர்


ஏப்ரல் 4

அத்தான்,

புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். குட்டிகள் எந்த வீட்டிலும் பிறக்கும். அந்தச் சட்டைகள் உங்களுடையவைதானா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றில் காலர் கிழிந்திருந்தது, அதனால் உங்களுடையதாக இருக்கலாம் என்று தோன்றியது. அப்போதும் நம்பவில்லை. அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அக்கா, குட்டிங்க எப்படி இருக்குது?"

"எதுக்குடா?"

"சும்மாதான்."

"சும்மா நீ எப்ப கேட்ட? ரெண்டு அவள உரிச்சு வச்ச மாதிரி இருக்குது, ரெண்டு அந்தச் சலவைக் கடைத் தடியன உரிச்சு வச்சிருக்குது. ஏன்டா, அழுறியா?"

"இல்ல. சளி."

"ஸ்வெட்டரப் போட்டுக்கடா."

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'மாதிரியின் தூய்மை குறித்த ஐயம்' என்று எழுதினேன். தலைவர் கூப்பிட்டு, எந்தப் பூனை என்றார். தெருப் பூனை என்றேன். எந்தத் தெரு என்றார். நினைவில்லை என்றேன். உங்கள் பெயரோ அருங்காட்சியகத்தின் பெயரோ எங்கும் வரவில்லை. சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாடையைப் பற்றி உங்களிடம் கேட்டதும், குட்டிகளைப் பற்றி உங்களை நம்பாததும் தப்பு. முதலாவதை முன்பே திரும்பப் பெற்றேன், இரண்டாவதை இப்போது.

ஜூலையிலிருந்து கூடத்தின் பொறுப்பு பக்கத்துப் பிரிவுக்காரரிடம் போகிறது. அவர் துறை நாய் எலும்பு. வாசலில் விதிகள் ஒட்டியிருக்கும் பலகையில் காவல்காரி புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்: 'உறவினர் பின்னிய உடைகளுக்கு அனுமதி இல்லை.' எந்த உறவினர் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஸ்வெட்டரைப் பார்சலில் அனுப்புகிறேன். அக்காவிடம் கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

மச்சினன்


ஏப்ரல் 15

மாப்பிள்ளை,

இரண்டாவது பல் நேற்று நீ சொன்ன வேறு கூடத்துக்கே நேராகப் போய்விட்டது. என்ன வந்தாலும் உனக்கு எழுதுவார்கள். அனுமதித் தாளில் நான்தான் கையெழுத்திட்டேன்.

போட்டுவிட்டு இயக்குநரின் அறைக்குப் போய் ஆடிட்டரைப் பற்றிச் சொன்னேன். தெருவின் பெயரையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத்தன நாளா சொல்லாம, இப்ப எதுக்கு சார் சொல்றீங்க?" என்றார். மச்சினன் ஒருவன் எனக்காகத் தெருப் பெயரை மறந்துவிட்டான், வீட்டில் இரண்டு பேருக்கு மறதி வரக்கூடாது என்றேன். அவருக்குப் புரியவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். திங்கள் முதல் எனக்கு மண்பாண்டப் பிரிவு. அங்கே பூனைக்குத் தடையில்லை.

ஸ்வெட்டர் கை அளவு சரியாகத்தான் எடுத்தேன் என்று உன் அக்கா சாதிக்கிறாள். தொலைபேசித் தடையை நீக்குவது பற்றிப் பிறகு பார்க்கலாம் என்கிறாள்.

பார்சல் வந்து சேர்ந்தது. குட்டிகள் அதில் படுத்திருக்கின்றன.

அத்தான்